நான்காம் அத்தியாயம்: பழந்துணிச் சின்னங்களை இனங்காணும் முறை

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று களியக்காவிளை வரையில் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறத்துக் கிராமங்களிலும், பழைய ஓட்டுவீட்டை இடித்துப் புதுவீடு கட்டும்போதோ, பாகப்பிரிவினைக்காக அறைகளை ஒழிக்கும்போதோ, மச்சிலிருந்து இறக்கப்படும் டிரங்குப் பெட்டிகளின் அடியில், மடித்த வேஷ்டிகளுக்கும் மங்கிய பத்திரங்களுக்கும் இடையே, உள்ளங்கையளவே உள்ள துணித்துண்டுகள் சில சமயம் அகப்படுகின்றன. ஒன்றில் சங்கு பின்னப்பட்டிருக்கும். ஒன்றில் கிரீடமோ வாளோ தெரியும். மற்றொன்றில் நிறம் மாத்திரமே எஞ்சி, உருவம் பூச்சிகளுக்கு இரையாகியிருக்கும். வீட்டார் அதனை எடுத்துப் பார்த்த மாத்திரத்தில், “பாட்டா பட்டாளத்தில் இருந்தபோது போட்டிருந்தது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். அத்தீர்ப்பு மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், இந்தப் பிரதேசத்தில் சீருடை அணிவித்துச் சின்னம் தரிப்பித்த ஸ்தாபனங்கள் பட்டாளம் ஒன்று மாத்திரமல்ல என்பதை மனத்தில் இருத்தாமல் ஆராய்ச்சியைத் தொடங்குகிறவர், தொடங்கிய இடத்திலேயே வழி தவறியவராவார். இது ராணுவச் சின்னந்தானா என்பதே முதற்கேள்வி. எந்தப் படைக்குரியது என்பது அதற்குப் பின்னரே எழவேண்டிய கேள்வி.

இப்பகுதியின் சரித்திரத்தை ஒரு வார்த்தையில் ஞாபகப்படுத்திக்கொள்வது நலம். 1956 நவம்பர் 1 ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாகும் வரையில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அவையும் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே அரசின் கீழ் இருந்தன. களியக்காவிளையில் இன்று நாம் காணும் எல்லை, அப்பெட்டிகள் பூட்டப்பட்ட காலத்தில் இல்லவே இல்லை. பெண் கொடுத்தலும் கொள்ளலும் அன்றும் இன்றும் எல்லையைப் பாராமல் நடந்துவருவதால், மார்த்தாண்டத்து மாமனாரின் சின்னம் பாறசாலையிலும், குன்னத்துக்காலில் பிறந்தவரின் சின்னம் குலசேகரத்திலும் கிடைப்பதில் வியப்பில்லை. ஆகையால், கிடைத்த ஊரைக் கொண்டு உரியவரின் ஊரை முடிவு செய்துவிடலாகாது.

சின்னம் கைக்கு வந்ததும், அதன் முகத்தில் உள்ள உருவத்தில் மயங்கிவிடாமல், உடனே திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். முகம், செய்தவன் காட்ட விரும்பியதைச் சொல்லும். பின்புறம் நடந்ததைச் சொல்லும். பின்னல் நூல் அறுந்து முடிச்சிடப்பட்டுள்ளதா, ஒரே சீராக இயந்திரம் ஓடிய தடம் உள்ளதா, கஞ்சியும் காகிதமும் ஒட்டிய அடையாளம் உள்ளதா, ஓரத்தில் முன்பு சட்டையோடு தைத்திருந்த ஊசித்துளைகள் வரிசையாக நிற்கின்றனவா, அத்துளைகள் ஒரு சுற்றா இரண்டு சுற்றா என்று கவனிக்கவேண்டும். இரண்டு சுற்றாக இருந்தால் அது ஒருமுறை கழற்றப்பட்டு மற்றொரு சட்டைக்கு மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். ஒரு துளையும் இல்லாத சின்னம் எவராலும் அணியப்படவில்லை. அது களஞ்சியத்திலிருந்து வந்ததாகவோ, பிற்காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டதாகவோ இருக்கலாம். பின்புறத்தில் அழுத்துப் பித்தான்களோ கொக்கிகளோ தைக்கப்பட்டிருந்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள்: நம் தேசத்தின் உஷ்ணத்தில் காக்கிச் சட்டை அடிக்கடி வெளுக்கப் போகவேண்டியிருந்ததால், சலவைக்கு முன் கழற்றி வைக்கும்படி சின்னங்களை அமைத்துக்கொள்வது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிருந்த படைவீரரிடையே பரவியிருந்த ஏற்பாடு.

அப்போர்க்காலத்தில் சீமையிலிருந்து வந்த சின்னங்களில் பல, சிக்கனத்தை முன்னிட்டு முரட்டுத் துணியில் அச்சடிக்கப்பட்டவை; இந்தியக் கடைவீதித் தையற்காரர்கள் செய்தவையோ, கம்பளித் துணியிலோ பருத்தியிலோ சங்கிலித் தையலாகக் கையாலும் கால்மிதி இயந்திரத்தாலும் பின்னப்பட்டவை. பின்னவற்றில் இரண்டு சின்னங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு புலியின் வால் சற்று நீண்டும், ஒரு வாளின் பிடி சற்றுக் கோணியும் இருப்பது, போலி என்பதற்கு அடையாளமாகாது, உண்மைக்கே சாட்சியாகும். அதற்கு எதிராக, விளிம்பு முழுவதும் கயிறு திரித்தாற்போல் தடித்த நூற்கரை கட்டப்பட்டிருக்குமானால், அது 1960 களுக்குப் பிறகு பரவலாக வழக்கத்திற்கு வந்த இயந்திர வேலை. ஒட்டிப் பிரிக்கும் முள்பட்டை பின்னால் இருந்தாலும் அவ்வாறே பிற்காலத்ததென்று தள்ளிவிடலாம்.

நூலின் இயல்பை அறிவதற்கு, ஓரத்தில் தானே பிரிந்து தொங்கும் ஓர் இழை போதும். சின்னத்திலிருந்து அறுத்தெடுப்பது கூடாது. அவ்விழையை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றத்தோடு சுருளும். பாலியஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாகும். உருகும் நூலைக் கொண்டு தைத்த சின்னம் போருக்கு முந்தியதாக இருக்க இயலாது. ஆனால், பழைய சின்னத்தைப் பிற்காலத்துச் சட்டையில் புதுநூலால் ஒருவர் மறுபடி தைத்திருக்கக்கூடும் என்பதால், பின்னிய நூலையும் பொருத்தித் தைத்த நூலையும் வெவ்வேறாகச் சோதிக்கவேண்டும். ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர் வைத்திருக்கும் ஊதாவிளக்கும் இங்கே உதவும்: 1950 களுக்குப் பிறகு பெருகிய வெண்மையூட்டும் ரசாயனம் உள்ள நூல் அவ்வொளியில் நீலமாகப் பளிச்சிடும். எனினும், பழந்துணியை யாரேனும் இக்காலத்துச் சலவைத்தூளில் ஒருமுறை அலசியிருந்தாலும் அதேபோல் பளிச்சிடுமாதலால், பளிச்சிடாமை நல்ல சாட்சி, பளிச்சிடுதல் பலவீனமான சாட்சி என்று கொள்வதே நிதானம்.

இந்த விஷயத்தில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவாசிகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பாலராம வர்மா மகாராஜாவின் ஆட்சியில், 1798 க்கும் 1810 க்கும் இடைப்பட்ட காலத்தில், தெற்கேயிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட சாலியர் வமிசத்தார் இன்றும் பாலராமபுரத்தில் குழித்தறியில் நெய்துவருகிறார்கள். அத்தெருவில் மூத்த நெசவாளர் ஒருவரிடம் துணியைக் காட்டினால், அது தறியில் நெய்ததா ஆலையில் நெய்ததா, சரிகை எத்தகையது என்று கண்ணாலும் விரலாலும் சொல்லிவிடுவார். சின்னமென்று மயங்கி வைத்திருந்த துண்டு, பழைய நேரியலின் கசவுக்கரையில் இருந்த புட்டாவேயன்றி வேறல்ல என்று அங்கே தெளிந்துவிடுவதும் உண்டு. அப்படித் தெளிந்தால் வருந்தவேண்டாம், அதுவும் அறிவே.

இனி முகத்தைப் பார்ப்போம். நம் பகுதியில் மிகுதியாக மயக்கம் தருவது சங்கு. திருவிதாங்கூரின் செங்கொடியில் வெள்ளிநிறச் சங்கே விளங்கிற்று. அரசுமுத்திரையில் அச்சங்கின் இருபுறமும் யானைகள் நின்றன. இதனை அறிந்தவர், சங்கு பின்னிய துணியைக் கண்டதும் நாயர் பிரிகேடு என்று கூறிவிடுகிறார். 1830 இல் அப்பெயர் பெற்ற அப்படை உண்மையில் பெருமைக்குரியதே. 1935 இல் இந்திய சமஸ்தானப் படைகளின் திட்டத்தில் சேர்ந்து திருவிதாங்கூர் நாயர் காலாட்படை என்று புதுப் பெயர் பூண்டு, 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பின் இந்திய ராணுவத்தில் கலந்து, மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது, பதினாறாவது பட்டாளங்களாக இன்றும் வாழ்கிறது. ஒன்பதாவது பட்டாளம் தன் தொடக்கத்தைப் பத்மநாபபுரத்துக்கும் 1704 ஆம் ஆண்டுக்கும் கொண்டுசெல்வது. 1741 இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்த படையின் வாரிசாகத் தன்னைக் கருதுவது. இவ்வளவும் மெய். ஆனால் சங்கு படைக்கு மாத்திரம் உரிய சொத்தாக இருந்ததில்லை. அது அரசின் சின்னம். ஆகவே அரசின் உப்பைத் தின்ற எல்லா உத்தியோகத்தையும் அது தழுவிநின்றது. 1888 முதல் வெளியான திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளில் சங்கு உண்டு. அஞ்சல் பெட்டிகளின் முகப்பில் சங்கு உண்டு. காசுகளிலும் சங்கு உண்டு. 1951 இல் இந்தியத் தபால் இலாகாவோடு கலந்துவிட்ட அந்த அஞ்சல் இலாகாவின் ஓட்டக்காரரும், கச்சேரிகளில் டவாலியும் வில்லையும் தரித்து நின்ற சேவகரும், போலீஸாரும், அரண்மனைப் பணியாளரும் இந்தக் கிராமங்களின் வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எனவே சங்கு கிடைத்தால், “திருவிதாங்கூர் அரசுப் பணி, 1949 க்கு முந்தியது” என்ற அளவில் எழுதிக்கொண்டு, படை என்று சொல்வதற்கு வேறு பிரமாணம் தேடுங்கள். தோளில் வளைந்து அமையும்படி வில்வடிவாக வெட்டப்பட்ட ராஜ்யப் பெயர், காக்கிக் கம்பளி அடித்துணி, விடுவிப்புச் சான்றிதழ், குழுப்படம் ஆகியவற்றில் ஒன்றேனும் துணை நிற்கவேண்டும். நாயர் பிரிகேடில், பெயருக்கேற்ப, நெடுங்காலம் நாயர்களே சேர்க்கப்பட்டு வந்தனர் என்பதையும் வீட்டு வரலாற்றோடு வைத்துப் பார்க்கவேண்டும். பிற சமூகத்து வீட்டில் முதல் உலகப் போர்க்காலத்துச் சின்னம் இருந்தால், அது பிரிட்டிஷ் இந்தியப் படையினதாக இருப்பதற்கே இடம் அதிகம்.

சங்குக்கு அடுத்தபடி ஏமாற்றுவது கிரீடம். கிரீடமும் குறுக்காகக் கோத்த இரண்டு வாள்களும் உள்ள சின்னத்தைக் கண்டால் எவருக்கும் சேனாபதி ஞாபகமே வரும். ஆனால் அவற்றோடு சிலுவையும், அதில் பின்னிய ஆங்கில ‘எஸ்’ எழுத்தும், சுற்றிலும் சூரியகிரணங்களும் இருந்தால், அது இரட்சணிய சேனையின் முத்திரை. நாகர்கோவிலில் வடசேரிக்கருகே காதரின் பூத் மருத்துவமனையை நடத்திவரும் அச்சபை தென் திருவிதாங்கூர் முழுவதும் வேரூன்றியது. அதன் ஊழியர் காப்டன், மேஜர் என்றே பதவிப்பெயர் தாங்கியவர்கள். கழுத்துப்பட்டையில் எஸ் எழுத்தும், தோளில் சிவப்புப் பட்டையும் அணிந்தவர்கள். “அப்பூப்பன் மேஜராக இருந்தார்” என்று ஒரு வீட்டில் கேட்டால், எந்த மேஜர் என்று பணிவோடு மறுகேள்வி கேளுங்கள். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்த அந்த மேஜரின் பட்டை, போர்க்களத்து மேஜரின் பட்டைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கறுப்பில் எட்டுமுனை வெண்சிலுவை இருந்தால் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். மிக நுட்பமான கைப்பின்னலாக இருந்தால், நாகர்கோவில் மிஷனில் 1820 களில் மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த பின்னல் வேலையின் பரம்பரையில் வந்த ஏதோ ஒரு சபைச் சங்கத்தின் அடையாளமாயிருக்குமோ என்றும் எண்ணிப் பாருங்கள்.

உண்மையான ராணுவக் கிரீடம் காலத்தை அறிய மிக உதவுவது. விக்டோரியா மகாராணியார் 1901 இல் மறையும் வரை இருந்த கிரீடத்தின் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். பின்வந்த மன்னர்கள் காலத்துக் கிரீடம் குவிந்து உருண்டிருக்கும். சுதந்திரம் வந்த அன்றே கிரீடம் மறைந்துவிடவில்லை; 1950 ஜனவரி 26 இல் குடியரசான பின்னரே அவ்விடத்தில் அசோகச் சிங்கம் அமர்ந்தது. ஆகவே கிரீடமுள்ள சின்னத்தை 1947 க்கு முந்தியதென்று எழுதுவது தவறு. 1950 க்கு முந்தியதென்று எழுதுங்கள். கையில் கூர்முனை கீழ்நோக்கிய பட்டைக்கோடுகள் ஒன்றானால் லான்ஸ் நாயக், இரண்டானால் நாயக், மூன்றானால் ஹவில்தார். ஆனால் போலீஸ் ஏட்டுக்கும் மூன்று கோடு உண்டு, கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்த பையனுக்கும் கோடு உண்டு. அம்மாணவர் படை 1948 இல் தோன்றியது என்பதை மறவாதீர்கள். காகிதங்களில் ஜமேதார் என்ற பதவி காணப்பட்டால் அது 1965 க்கு முந்தியது. அதன்பின் அப்பதவி நாயப் சுபேதார் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேர் கொண்டதாகப் பெருகியபோது, நம் கிராமத்து இளைஞர்களும் காலாட்படையிலும், அதைவிட மிகுதியாகச் சாலை போடும், பாலம் கட்டும், லாரி ஓட்டும், சுமை இறக்கும் துணைப்படைகளிலும் சேர்ந்து பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போனார்கள். அவர்கள் தோளில் தைத்த டிவிஷன் சின்னங்களில் எழுத்து இராது. உருவம் மாத்திரமே இருக்கும். கறுப்பில் செங்கழுகு நான்காம் டிவிஷன். கறுப்பில் செவ்வட்டம் ஐந்தாம் டிவிஷன். கறுப்பில் பொன்னிற அம்பு ஏழாம் டிவிஷன். கறுப்புப் பூனை பதினேழாம் டிவிஷன். சிவப்பில் குத்துவாள் ஏந்திய மஞ்சள் கை பத்தொன்பதாம் டிவிஷன். மஞ்சளில் சண்டைச் சேவல் இருபத்துமூன்றாம் டிவிஷன். பச்சையில் சீட்டுக்கட்டின் கறுப்பு இஸ்பேட் இருபத்தைந்தாம் டிவிஷன். செங்கேடயத்தில் முனை கீழாக நிற்கும் வெண்வாள் இருந்தால் அது பர்மாப் போரை வென்ற பதினான்காம் சேனை. சாயம் போன துணியில் மஞ்சள் வெள்ளையாகவும், கறுப்பு பழுப்பாகவும் தோன்றுமாதலால், வெயில் படாத மடிப்புக்குள் எஞ்சிய நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பாயும் புலியைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழரும் மலையாளிகளும் பெருந்திரளாகச் சேர்ந்தனர்; வர்க்கலைக்கருகே வக்கத்தில் பிறந்த அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதும் அந்த விடுதலைப் பணியின் பொருட்டே. இத்தகைய புகழ் இருப்பதனாலேயே போலிகள் சந்தையில் மிகுதி. மூவண்ணக் கேடயத்தில் புலியும் மேலே ‘ஃப்ரைஸ் இண்டியன்’ என்ற எழுத்தும் இருப்பது ஜெர்மனியில் அமைந்த படைக்குரியது. மலேயாவிலிருந்து திரும்பிய பாட்டாவின் பெட்டியில் அது இருந்தால், எப்படி வந்ததென்று கட்டாயம் விசாரிக்கவேண்டும். தேயிலை நீரில் தோய்த்துப் பழமையேற்றிய துணி, மடிப்பிலும் மேற்பரப்பிலும் ஒரே பழுப்பாக இருக்கும். இயற்கையாக மூத்த துணி அப்படி இராது.

கதரில் ராட்டையுடன் மூவண்ணம் இருந்தால் அது விடுதலைப் போராட்டத் தொண்டர் பட்டை. 1938 ஆகஸ்டு 31 ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கொடுத்த ஊர் நெய்யாற்றின்கரை என்பதை நினைத்து, அதனை எந்தப் பதக்கத்திற்கும் குறையாத மரியாதையுடன் பேணுங்கள். ரயில்வேச் சின்னம் கிடைத்தால், பாறசாலைக்கு ரயில் வந்தது 1979 இல்தான் என்பது போதிய வழிகாட்டி. அதற்கு முந்திய சின்னம் வெளியூரில் வேலை பார்த்தவருடையது.

துணி சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தபின் வீட்டைக் கேளுங்கள். “பட்டாளமா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றே விடை வரும்; அவ்விதம் கேளாமல், “பாட்டா எங்கே கப்பல் ஏறினார்? மாதாமாதம் பணம் எந்த ஊரிலிருந்து வந்தது? எந்த வருஷம் திரும்பி வந்தார்? பென்ஷன் யார் கொடுத்தது?” என்று கேளுங்கள். காகிதங்களில் 1117 என்று வருஷம் கண்டால் திகைக்கவேண்டாம். அது கொல்லம் ஆண்டு, 1941 ஆகஸ்டு முதல் 1942 ஆகஸ்டு வரையிலான காலம். போரில் இறந்தவராயின், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தகப்பனார் பெயரும் ஊரும் பல இடங்களில் குறிக்கப்பட்டுள்ளன. அங்கே கேரளம் என்றோ கன்னியாகுமரி என்றோ தேடாமல் திருவிதாங்கூர் என்று தேடவேண்டும், ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதமாகவும் எழுதிப் பார்க்கவேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள அரசு ஆவணக்காப்பகமும், ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையமும், உங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேடுகளும் அடுத்த படிகள்.

முடிவை எழுதும்போது உறுதி, அனுமானம், சந்தேகம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். துணி, உருவம், வீட்டு வரலாறு மூன்றும் ஒத்தால் உறுதி. இரண்டு ஒத்தால் அனுமானம். ஒன்றே நின்றால் சந்தேகம். சந்தேகம் என்று நேர்மையாக எழுதிவைத்த சீட்டு, உறுதியென்று பொய்யாக எழுதிய சீட்டைவிடப் பின்வருபவருக்கு நூறு மடங்கு பிரயோஜனப்படும்.

சின்னத்தைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பசையால் அட்டையில் ஒட்டாதீர்கள், சட்டையோடு தைத்திருந்தால் பிரிக்காதீர்கள். இரண்டு மழைக்காலம் உள்ள நம் நாட்டில் ஈரமே முதற்பகை. ஆகையால் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மூடாமல், அமிலமற்ற காகிதத்தில் மடிக்காது கிடத்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். பூச்சி இருந்தால், காற்றுப்புகாத உறையில் இட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறையின் சூட்டிற்கு வரும்வரை உறையைத் திறவாதிருங்கள். அளவுகோலை அருகில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுங்கள். நூறாண்டு கடந்த அரும்பொருளை வெளிநாட்டுக்கு விற்பதை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதும், ராணுவத்தார் என்று பிறர் நம்பும்படி அச்சின்னங்களை அணிவது குற்றம் என்பதும் தெரிந்திருக்கவேண்டியவை.

துணி இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். அதைப் பற்றி அறிந்த பெரியவர் தாங்குவார் என்பது நிச்சயமில்லை. ஆதலால் உங்கள் வீட்டில் எண்பது வயது கடந்தவர் ஒருவர் இருந்தால், இந்நூலின் அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் அவரிடம் போய், அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே, தமிழானாலும் மலையாளமானாலும், தேதியிட்டு எழுதி, அந்தச் சின்னத்தோடு வையுங்கள்.